மிளகளவு புழுக்கை: புதுச்சேரியில் ஒரு வீட்டு முயலின் குடல் தேக்கம்

2024 டிசம்பர் 7, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து சரியாக ஒரு வாரம். லாஸ்பேட்டையில் என் கிளினிக்கைத் திறக்கும்போதே வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அவள் அம்மா, ஆயா. பெண்ணின் மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதற்குள் துண்டு விரித்து ஒரு வெள்ளை முயல். கால்களை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு, முதுகைக் கூனி, கண்களைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. பெயர் பஞ்சு. பெட்டை, மூன்று வயது, கருத்தடை செய்யாதது.

"நேத்து ராத்திரியிலேர்ந்து எதையும் தொடல டாக்டர்" என்றாள் பெண்.

"நேத்து இல்ல டாக்டரம்மா, புதன்கிழமையே புழுக்கை சிறுத்துப் போச்சு. சொன்னேன், யாரும் காதுல வாங்கிக்கல" என்றார் ஆயா. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார்.

மாடியில் இருக்கும் முல்லைத் தொட்டிகளுக்கு எருவாகப் போடுவதற்காகத் தினமும் காலையில் கூண்டுத் தட்டைக் கூட்டி அள்ளுபவர் அவர்தான். பொட்டலத்தில் இரண்டு குவியல் இருந்தன. ஒன்று தொட்டியிலிருந்து பொறுக்கிய பழைய புழுக்கை. கறுப்புக் கொண்டைக்கடலை அளவு, நல்ல உருண்டை, பழுப்பு நிறம். நகத்தால் அழுத்தினால் பொடிந்து உள்ளே புல்லின் நார் தெரிந்தது. இன்னொன்று வெள்ளிக்கிழமை கூட்டியது. மிளகளவு, கறுப்பு, கல்லாக இறுகியது. அதில் மூன்று, ஒரே முடியில் கோத்த மணிகளைப் போல ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டிருந்தன.

இந்த நிகழ்வை முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அந்தப் பொட்டலத்தால்தான்.

புயல் வாரம்

வீடு ரெயின்போ நகரில், தரைத்தளம். நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. ஞாயிறு காலை வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். முயலைக் கூண்டோடு மாடியில் வீட்டுக்காரர் பகுதிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே ஒரு நாய். கட்டித்தான் வைத்திருந்தார்கள், ஆனாலும் இரண்டு நாள் இரவு பகலாகக் குரைத்தது. மின்சாரம் இல்லை. கீழே இருந்த காய்ந்த புல் பாக்கெட் நனைந்து நாறிப்போனது. புதியது ஆன்லைனில்தான் வரவேண்டும். சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, கடலூர், விழுப்புரம் பக்கம் சாலைகள் துண்டாகிக் கிடந்த நாட்கள் அவை. கூரியர் வரவில்லை.

ஆகவே கையில் கிடைத்ததைக் கொடுத்தார்கள். பிரெட், ரஸ்க், வாழைப்பழம், கேரட், யாரோ கொண்டுவந்து கொடுத்த பிஸ்கட். முயல் ஆசையாகத் தின்றது. இவ்வளவு களேபரத்திலும் தின்கிறதே என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆயாவுக்கு மட்டும் நிம்மதி இல்லை, ஏனென்றால் தட்டில் விழுவது குறைந்துகொண்டே வந்தது.

முயலின் குடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது ஏன் நடந்தது என்பது விளங்கும். ஆடு தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிறது. முயலுக்கு அந்த வசதி இல்லை. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. போனது போனதுதான், முன்னோக்கி மட்டுமே நகர வேண்டும். தின்ற புல்லில் இருக்கும் நீளமான, செரிக்காத நார்தான் குடலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த நார் நேராக வெளியேறி நாம் பார்க்கும் உருண்டைப் புழுக்கையாகிறது. நுண்ணிய துகள்களும் சாறும் பின்வாங்கி, சீக்கம் என்கிற குருட்டுக்குடலுக்குள் போகின்றன. முயலின் குடலில் இருக்கும் மொத்தப் பொருளில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்த ஒரு பைக்குள்தான் இருக்கும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. புளித்தது, திராட்சைக் கொத்தைச் சிறிதாக்கியதுபோல, பளபளப்பான மென்மையான புழுக்கையாக வரும். முயல் குனிந்து ஆசனவாயிலிருந்தே அதை வாயில் வாங்கி விழுங்கிவிடும். பி வைட்டமின்களும் புரதமும் அதில்தான் திரும்பக் கிடைக்கின்றன. வீட்டில் முயல் வளர்ப்பவர்களில் பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பார்த்தவர்கள் அருவருத்துத் தடுக்கப் பார்ப்பார்கள். தடுக்கக் கூடாது.

பிரெட்டிலும் பிஸ்கட்டிலும் நீள நார் கிடையாது, மாவும் சர்க்கரையும்தான். தள்ளுவதற்கு ஆளில்லாமல் குடல் மந்தமாகிறது. குடல் தேக்கம் என்பது இதுதான். சீக்கத்துக்குள் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து காற்று சேர்கிறது. காற்று சேர்ந்தால் வலி, வலி வந்தால் முயல் தின்னாது, தின்னாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். இதோடு நாய்க் குரைப்பின் பயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரையாக வாழப் பிறந்த பிராணிக்குப் பயம் என்பது மனநிலை மட்டும் இல்லை. குடலையும் அது நேரடியாக நிறுத்தும்.

வெள்ளிக்கிழமை இரவு முயல் படுத்துவிட்டதும், அம்மா மருந்துக்கடையில் சொல்லி, குழந்தைகளுக்குத் தரும் அமாக்சிசிலின் சிரப் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கவில்லை. பெண் போனில் தேடிப் பார்த்துத் தடுத்துவிட்டாள். அந்த ஒரு தடுப்பு முயலின் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் போன்றவற்றை வாய்வழியாக முயலுக்குக் கொடுத்தால் சீக்கத்தின் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, நச்சு சுரக்கும் கிளாஸ்டிரிடியம் வகைகள் பெருகும். அதன்பின் வரும் வயிற்றுப்போக்கை நிறுத்துவது மிகவும் கடினம். நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் நல்லது செய்யும் அதே சிரப் இது என்பதால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மேசையில் பார்த்தது

எடை 1.74 கிலோ. ஜூலையில் நகம் வெட்ட வந்தபோது என் பதிவேட்டில் 1.98 கிலோ இருந்தது. 240 கிராம் குறைவு, அதாவது உடம்பில் எட்டில் ஒரு பங்கு. புயல் வாரத்தில் போன எடை என்று எடுத்துக்கொண்டேன். அது சரியில்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

உடல் வெப்பம் 100.2 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதருக்கு இது லேசான காய்ச்சல், முயலுக்குக் குளிர். அதற்கு 101.3-க்குக் குறையக் கூடாது. தின்னாமல் வரும் முயலின் உடம்பு சில்லிட்டிருந்தால் கவலைப்பட வேண்டிய நிலை, அதனால் மற்ற எதையும் செய்வதற்கு முன் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். ஈறுகள் ஈரமில்லாமல் ஒட்டின. தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் படிந்தது. வயிற்றைத் தடவினால், பிசைந்து வைத்து இறுகிய சப்பாத்தி மாவு மாதிரி இரைப்பை கைக்குத் தட்டுப்பட்டது. ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு பக்கமும் வைத்து, பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கேட்டேன். நல்ல முயலின் வயிற்றில் அந்த நேரத்துக்குள் இரண்டு மூன்று தடவையாவது குடுகுடுவென்று நீர் உருளும் சத்தம் வரும். இடது பக்கம் ஒன்றுமே இல்லை. வலது பக்கம், காற்று மட்டும் உள்ள பாத்திரத்தைத் தட்டினாற்போல் ஒரு சிறு ஓசை. கை அங்கே அழுத்தியதும் பற்களை நறநறவென்று கடித்தது. முயல் சுகமாக இருக்கும்போதும் பல்லை லேசாக உரசும். இது வேறு, வலியின் சத்தம்.

முன்பற்கள் சரியாக இருந்தன. கடைவாய்ப் பற்களை, காதுக்குள் பார்க்க உதவும் விளக்குக் கருவியான ஓட்டோஸ்கோப்பால் எட்டிப் பார்த்தேன். முயலின் வாய் குறுகலானது, கன்னச் சதை நடுவில் வந்து விழும், நாக்கு மறைக்கும். கிடைத்த இரண்டு மூன்று கணத்தில் தவறாக எதுவும் தெரியவில்லை. சில்லிட்டு, பயந்து கிடக்கும் பிராணியை மேலும் பிடித்து வைக்க மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த கேள்வி முக்கியமானது. குடல் மந்தமா, அடைப்பா? முடியுருண்டையோ துணித்துண்டோ குடலை அடைத்திருந்தால் சிகிச்சை முற்றிலும் வேறு. அப்போது குடலை வேகப்படுத்தும் மருந்தைக் கொடுப்பது ஆபத்து. ரத்தச் சர்க்கரை 172 வந்தது. மனிதருக்கான கருவி முயல் ரத்தத்தில் துல்லியமாக அளக்காது என்றாலும், அடைப்பு இருந்தால் இது பெரும்பாலும் 360-ஐத் தாண்டிப் போகும். 172 என்பது பயமும் வலியும் ஏற்றிய அளவு. நண்பரின் கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரேயிலும் இரைப்பைக்குள் உணவுத் திரளும் அதைச் சுற்றி மெல்லிய காற்று வளையமும் தெரிந்தன. சீக்கத்திலும் காற்று. இரைப்பை பலூன் மாதிரி உருண்டு ஊதியிருக்கவில்லை. ஆகவே மந்தம்தான்.

அம்மா கேட்டார்: "உள்ள முடி சேர்ந்து அடைச்சிருக்குமோ? அன்னாசிச் சாறு கொடுத்தா கரையும்னு சொல்றாங்களே." முயல் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி, அதன் இரைப்பையில் எப்போதும் முடி இருக்கும். குடல் ஓடும்வரை அது புல்லோடு சேர்ந்து போய்விடும். குடல் நின்று, நீர் வற்றினால்தான் முடி திரண்டு கட்டியாகத் தெரியும். அதாவது கட்டி, மந்தத்தின் விளைவு. அன்னாசிச் சாறு முடியைக் கரைக்காது, அதில் இருக்கும் சர்க்கரை சீக்கத்துக்குப் போய்ச் சேரும்.

சிகிச்சை

மருந்துகளின் பெயரைச் சொல்கிறேன், அளவைச் சொல்லவில்லை. முயலுக்கான அளவு நாய்க்கும் மனிதருக்கும் உள்ளதிலிருந்து மிகவும் மாறுபடும். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு அலமாரியைத் திறக்கக் கூடாது.

முதலில் சூடு. வெப்பம் 101.5 வந்த பிறகுதான் அடுத்தது. பிறகு நீர். ஒரு முயலுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 மில்லி தேவை. உடல்சூட்டுக்குக் கொண்டுவந்த ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர்க் கரைசலைத் தோலுக்கடியில் இரண்டு வேளையாக, வேளைக்கு 85 மில்லி ஏற்றினேன். தோள்பட்டைக்கு மேல் ஒரு சிறிய மூட்டை போல் எழும்பி, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். வலிக்கு முதலில் ஊசி. நீர் ஏறி, சிறுநீர் கழித்த பிறகு மெலாக்சிகம் என்ற வலிநிவாரணி. வற்றிய உடம்பில் அதைக் கொடுத்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு குடலை அசைக்க மெட்டோகுளோப்ரமைடு. இவற்றில் எது மிக முக்கியம் என்று கேட்டால், வலியைக் குறைத்ததைத்தான் சொல்வேன். வலி இருக்கும்வரை முயல் தின்னாது. அது தானாகத் தின்னத் தொடங்கும்வரை குடல் மருந்துகள் அரை வேலைதான் செய்யும்.

உணவை ஊட்டுவதுதான் நிறைய நேரம் எடுத்தது. அந்த வாரம் மீட்புக்கால உணவுப் பொடி ஊரில் கிடைக்கவில்லை. நல்ல முயல் பெல்லட்டை (கடையில் விற்கும் அழுத்திய குச்சித் தீவனம்) வெந்நீரில் ஊறவைத்து மிக்சியில் அடித்து, காய்ந்த புல்லை இடித்துச் சலித்த தூளை அதில் கலந்தோம். இட்லி மாவைவிடக் கொஞ்சம் நீர்த்த பதம். பெரிய ஊசிக்குழலின் முனையை வெட்டிவிட்டு, வேளைக்கு 15 மில்லி, நாளுக்கு ஆறு வேளை. முயலைத் துண்டில் சுருட்டி மடியில் வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் பல்லில்லாத இடைவெளியில் குழலை நுழைத்து, ஒரு மில்லி விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த மில்லி. தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பெண் இரண்டாவது வேளைக்குள் கற்றுக்கொண்டாள். என் உதவியாளரைவிட அவளுக்குப் பொறுமை அதிகம்.

"ஓமத் தண்ணி கொஞ்சம் குடுக்கலாமா?" என்று ஆயா தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் சிறிய இரைப்பையில் இருக்கும் இடத்தையெல்லாம் நீருக்கும் நாருக்கும்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

புழுக்கையின் கணக்கு

சனிக்கிழமை இரவுவரை கிளினிக்கில் விழுந்தது இரண்டு. ஞாயிறு விடியற்காலை நான்கு மணிக்கு ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது இடது பக்கம் ஒரு நீண்ட குடுகுடு கேட்டது. நடு இரவில் கேட்கக் கிடைக்கும் சத்தங்களில் இதைவிட இனியது எனக்கு எதுவும் இல்லை. விடிவதற்குள் 11 புழுக்கை, எல்லாம் மிளகளவு. அன்று மாலை, வேளாவேளைக்கு ஊட்டவும் எண்ணவும் ஒப்புக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வீட்டில் தண்ணீர் வடிந்து, கூண்டு பழைய மூலைக்கே திரும்பியிருந்தது. நாய்ச் சத்தம் இல்லை.

திங்கள் 46. கொத்தமல்லித் தழையைத் தானாகவே தின்றது. செவ்வாய் 88, அளவு பட்டாணியை நோக்கிப் பெருத்தது. புதன் 120. வியாழன் 148. வெள்ளி 152. சனி 146. ஞாயிறு 150.

நலமான முயல் ஒரு நாளைக்கு 200 முதல் 300 வரை போடும். தினமும் எண்ணுவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆயாவுக்கு அவருடைய அளவு இருந்தது. கூட்டியதை அவர் எப்போதும் ஒரு கொட்டாங்குச்சியில் அள்ளித்தான் மாடிக்குக் கொண்டுபோவார். நல்ல நாட்களில் தலைதட்டி நிற்குமாம். ஞாயிறு மாலை போனில் பேசினார்: "பாப்பா சந்தோஷமா இருக்குதும்மா, முயல் ஓடியாடுதுன்னு. ஆனா கொட்டாங்குச்சி அரைக்கு மேல ஏறவே மாட்டேங்குது. நாலு நாளா அதே அரைதான்."

நான் பஞ்சுவின் சிகிச்சை நோட்டை மூடும் நிலையில் இருந்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். ஊட்டுவதை நிறுத்தியாயிற்று, முயல் தின்கிறது, துள்ளுகிறது, எடை 1.79. இதற்கு மேல் என்ன என்று நினைத்திருந்தேன். ஏறிக்கொண்டே வந்த எண்ணிக்கை நான்கு நாளாக ஒரே இடத்தில் நின்றுவிட்டது எனக்கு உறைக்கவில்லை. ஆயா சொன்ன பிறகுதான், மந்தம் நீங்கிய குடலில் வரத்து குறைவாக இருக்கிறது என்ற கோணத்தில் யோசித்தேன். குடல் ஓடுகிறது. ஆனால் ஓடுவதற்குப் போதுமான புல் உள்ளே போகவில்லை.

திங்கள், டிசம்பர் 16. கிளினிக்கில் பஞ்சுவுக்கு முன்னால் ஒரு பிடி அருகம்புல்லையும் கொஞ்சம் கொத்தமல்லியையும் வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். முதல்தடவையே இதைச் செய்திருக்க வேண்டும். கொத்தமல்லி இலையைத் தின்றது, தண்டை விட்டது. அருகம்புல்லை ஆவலாக இழுத்தது, இரண்டு மென்றது, தலையை ஒருபக்கமாகச் சாய்த்தது, நழுவவிட்டது. மறுபடி எடுத்தது, மறுபடி நழுவியது. தாடைக்கடியில் முடி லேசாக ஈரம்.

"காய்ந்த புல் பாக்கெட் ஒன்று எத்தனை நாள் வரும்?" என்று கேட்டேன்.

பெண் யோசித்தாள். ஒரு கிலோ பாக்கெட், முன்பெல்லாம் பதினைந்து நாள். கடைசிப் பாக்கெட் தீபாவளிக்கு முன்பே வாங்கியது. புயலில் நனைந்தபோது பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மிச்சமாகிறதே என்று வீட்டில் யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் பெல்லட்டைக் கிண்ணம் நிறைய வைத்தால் நன்றாகத் தின்றது.

தீபாவளி அக்டோபர் 31. அதாவது புயலுக்கு ஒரு மாதத்துக்கு மேலாகவே பஞ்சு புல்லைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஜூலையில் 1.98 இருந்த எடை ஒரே வாரத்தில் இறங்கவில்லை, மெல்ல மெல்லக் கரைந்திருக்கிறது. புயல் வாரத்து பிரெட் கடைசித் தள்ளு மட்டுமே.

அன்று பிற்பகலே மயக்கம் கொடுத்து வாயைத் திறந்து பார்த்தேன். நாய்க்கும் பூனைக்கும் செய்வதுபோல் முயலை மயக்கத்துக்கு முன் பட்டினி போடுவதில்லை. அது வாந்தி எடுக்காது. பட்டினியால் குடல் நிற்பதுதான் பெரிய ஆபத்து. இடது கீழ்த்தாடையில் மூன்றாவது கடைவாய்ப் பல்லின் உள்விளிம்பு, நாக்கைப் பார்த்து ஒரு முள்ளாக நீண்டிருந்தது. அதற்கு நேராக நாக்கின் ஓரத்தில் அரிசி அளவு வெண்புண். முயலின் பற்கள் 28-உம் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை அரைக்கும்போது தாடை இடவலமாக அகலமாக அசைந்து ஒன்றை ஒன்று தேய்த்துச் சமன் செய்யும். பெல்லட்டை மெல்ல அந்த அசைவு தேவையில்லை, மேலும் கீழுமாக நொறுக்கினால் போதும். தேயாத விளிம்பு கூராகும். கூர் நாக்கில் குத்தும். குத்தினால் புல்லைத் தவிர்க்கும். தவிர்த்தால் இன்னும் தேயாது.

பர் என்ற சுழலும் தேய்ப்பு முனையைக் கொண்டு முள்ளை மட்டும் தேய்த்துச் சமன்படுத்தினேன். முயலின் கடைவாய்ப் பல்லைக் கத்திரியால் வெட்டக் கூடாது, பிளந்து வேர்வரை போய்விடும். ஐந்து நாள் வலிநிவாரணி. மயக்கம் தெளிந்து முக்கால் மணி நேரத்தில் ஊசிக்குழலால் பத்து மில்லி ஊட்டினோம். மறுநாள் 131, அதற்கடுத்த நாள் 190, டிசம்பர் 22-இல் 244. ஆயா போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தலைதட்டிடுச்சு."

வீட்டில் மாறியவை

பெல்லட் கிண்ணத்தை எடுத்துவிட்டோம். நாளுக்கு 40 கிராம், எடை போட்டு, இரண்டு வேளையாக. மீதி வயிறு முழுக்கப் புல்லுக்கு. அதற்கு ஆயா ஒரு வழி கண்டுபிடித்தார். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் அருகம்புல் கட்டு விற்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் காலையில் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு கட்டு சாத்திவிட்டு, பஞ்சுவுக்கு நான்கு கட்டு வாங்கி வருகிறார். அலசி, வேரில் ஒட்டிய மண்ணைக் களைந்து, பாதியைப் பச்சையாகவும் மீதியை நிழலில் உலர்த்தியும் கொடுக்கிறார்கள். வெள்ளம் வடிந்த தெருவோரப் புல்லை மட்டும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். சாக்கடை கலந்த தண்ணீர் நின்ற மண் அது.

பாகூரிலிருந்து உறவினர் ஒருவர் வைக்கோல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பலர் செய்யும் குழப்பம் இது. நெல் வைக்கோல் காய்ந்த புல்லுக்கு மாற்று இல்லை. படுக்கையாகப் போடலாம், கொறித்தாலும் கெடுதல் இல்லை, ஆனால் அதில் சத்து மிகக் குறைவு. மழை பட்ட வைக்கோலில் பூஞ்சை பிடித்திருந்தால் படுக்கைக்கும் ஆகாது. முருங்கைக்கீரையும் அகத்தியும் ஆசைக்கு ஒரு கொத்து, அவ்வளவுதான். அவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முயல் உணவிலிருந்து சுண்ணாம்பை அளவில்லாமல் உறிஞ்சிச் சிறுநீரில் தள்ளும் பிராணி. கழிவில் வெண்மாவு போலப் படிந்தால் அதுதான் காரணம்.

இப்போது அந்த வீட்டில் காய்ந்த புல், மூடி இறுக்கமான டிரம்மில், பரணில் இருக்கிறது. அடுத்த ஐப்பசிக்கு முன் ஒரு மாதத்துக்கான புல்லைச் சேர்த்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பருவமழையும் புயலும் வருவது நமக்குத் தெரிந்த ஒன்று, அதற்கு அரிசி பருப்பு வாங்கி வைக்கிறோம். இதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும்.

கண்காணிப்பை நான் சிக்கலாக்கவில்லை. காலையில் தட்டைக் கூட்டும்போது கொட்டாங்குச்சி எவ்வளவு நிறைகிறது, உருண்டையின் அளவு என்ன, சங்கிலி போல் முடியில் கோத்து வருகிறதா, மென்புழுக்கை தின்னப்படாமல் தரையில் நசுங்கிக் கிடக்கிறதா என்று பார்ப்பது ஆயாவின் பொறுப்பு. ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் கூடையோடு வைத்து எடை எழுதுவதும், புல் பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே குறிப்பதும் பெண்ணின் பொறுப்பு. கத்திரி வெயிலில் முயல் தண்ணீரைக் குறைத்தாலும், அறை சூடேறி மூச்சு வாங்கினாலும் குடல் மந்தமாகும் என்பதால், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். பன்னிரண்டு மணி நேரம் தின்னவில்லை அல்லது புழுக்கை விழவில்லை என்றால், மணி இரவு இரண்டானாலும் என்னைக் கூப்பிட வேண்டும். காலைவரை பொறுப்போம் என்று காத்திருந்து, வரும்போதே சில்லிட்டுப்போன முயல்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றை என்னால் மீட்க முடியவில்லை.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். தின்னாத முயல் எது வந்தாலும், இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி புல் பாக்கெட் எத்தனை நாள் வந்தது என்பது. முதல் நாள் வாய்க்குள் தெளிவாகப் பார்க்க முடியாவிட்டால் 'பார்த்தாகிவிட்டது' என்று எழுதுவதில்லை. 'பார்க்க முடியவில்லை' என்று எழுதி, தேறியதும் திரும்ப வரச் சொல்கிறேன்.

பிப்ரவரி 15-இல் பஞ்சுவின் எடை 1.93 கிலோ. ஏப்ரல் 12-இல் மயக்கமில்லாமல், பெண்ணின் மடியில் வைத்தே கடைவாயைப் பார்த்தபோது அதே பல்லில் மெல்லிய கூர் மறுபடி தலைகாட்டியிருந்தது. நாக்கைத் தொடவில்லை, புண்ணில்லை. தேய்க்காமல் விட்டுவைத்து, ஆறு வாரத்தில் வரச் சொன்னேன். எடை 1.95. முந்தைய நாள் காலை கொட்டாங்குச்சி தலைதட்டி, மேலே இரண்டு உருண்டு தரையில் விழுந்ததாக ஆயா சொன்னார்.